ஒருமுறை எடுத்த ஸ்கான் போதாதா?

கேள்வி: எங்கள் ஊர் மருதமுனை. உம்மாவுக்கு 57 வயது, சிறுவயதிலிருந்தே கைத்தறி நெய்கிறவர். சென்ற நோன்புக்குப் பிறகு, வலது கால் தறியின் மிதியில் சரியாகப் போய் விழுவதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். சீனி வருத்தம் இருப்பதால் நரம்புத் தளர்ச்சியாக்கும் என்று விட்டுவிட்டோம். ஒரு நாள் இரவு அந்தக் கால் மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது. தனியாரில் காசு கட்டி எம்.ஆர்.ஐ. எடுத்தோம். மூளையின் இடது பக்கம், உச்சிக்குக் கிட்ட, 4 சென்ரிமீற்றர் அளவில் மெனிஞ்சியோமா என்ற கட்டி இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே சத்திரசிகிச்சை என்று முடிவாகி, அதற்கு முன் இன்னொரு எம்.ஆர்.ஐ. வேண்டும் என்கிறார்கள். முதல் ஸ்கான் எடுத்து இரண்டரை மாதம்தான் ஆகிறது. கட்டி இருப்பது தெரிந்த பிறகு மறுபடியும் எதற்கு? டொக்டருக்கே சந்தேகமா, அல்லது கமிஷனா? அடிக்கடி கதிர் பட்டால் கட்டி பெருக்கும் என்றும் வீட்டில் பயப்படுகிறார்கள். இன்னொரு விஷயம். யுத்த காலத்தில் செல் வெடித்து உம்மாவின் இடது தொடையில் ஏறிய துண்டு இப்போதும் உள்ளேதான் இருக்கிறது. சொன்னால் ஸ்கான் எடுக்க மாட்டார்கள் என்று உம்மா தடுத்ததால், முதல் முறை போனபோது அதைச் சொல்லவில்லை. ஒன்றும் நடக்கவும் இல்லை. இந்த முறையும் சொல்லாமல் விடலாமா?
– மகள், மருதமுனை

பதில்:

அன்பின் தங்கச்சி,

கடிதத்தின் கடைசி மூலையில் வைத்த கேள்விக்குத்தான் முதலில் பதில். சொல்லாமல் விடக்கூடாது. ஸ்கானுக்கு நாள் எடுக்கும்போதே சொல்லுங்கள், படிவத்திலும் எழுதுங்கள், அன்றைக்கு வாசலில் கேட்பவரிடம் மூன்றாம் முறையும் சொல்லுங்கள்.

எம்.ஆர்.ஐ. காந்தம் வேலை முடிந்ததும் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிற சாமான் இல்லை. ஆள் இல்லாத நள்ளிரவிலும் அது காந்தம்தான். வழக்கமாக இருக்கிற 1.5 டெஸ்லா இயந்திரத்தின் காந்தப் புலம், திசைகாட்டி முள்ளைத் திருப்புகிற பூமியின் காந்தத்தைவிட 30,000 மடங்குக்கு மேல். செல் துண்டு என்றால் பெரும்பாலும் உருக்கு. உருக்கை அது இழுக்கும், திருப்பப் பார்க்கும். துண்டு கண்ணுக்குள்ளோ, முள்ளந்தண்டுக்குப் பக்கத்திலோ, பெரிய இரத்தக் குழாயை ஒட்டியோ இருந்தால் அந்தச் சிறு அசைவே போதும், விபரீதமாகிவிடும். தொடைத் தசைக்குள் பல வருடமாகக் கிடக்கிற துண்டைச் சுற்றித் தழும்பு வளர்ந்து அதை இறுக்கிப் பிடித்திருக்கும். அதனால்தான் போன முறை ஒன்றும் நடக்கவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் தொடையிலும் பெரிய நாடி ஒன்று ஓடுகிறது. துண்டு அதற்கு எவ்வளவு கிட்ட இருக்கிறது என்று நீங்களும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. அடுத்த ஸ்கான் 3 டெஸ்லா இயந்திரத்தில் எடுக்கப்படலாம், அதில் இழுவை இன்னும் கூட. போன முறை தப்பியதை வைத்து இந்த முறைக்குக் கணக்குப் போட முடியாது.

சொன்னால் என்ன செய்வார்கள்? தொடையை ஒரு எக்ஸ்ரே எடுப்பார்கள். துண்டு எங்கே, எவ்வளவு பெரியது என்று கதிரியக்க நிபுணர் பார்த்து முடிவெடுப்பார். பழைய எக்ஸ்ரே வீட்டில் எங்காவது சுருட்டி வைத்திருந்தால் அதையும் கொண்டுபோங்கள். இப்படிப்பட்ட துண்டோடு பாதுகாப்பாக ஸ்கான் எடுத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வேலை செய்தவர்களுக்கு இது புதினமே இல்லை. 'உடம்பில் இரும்பு ஏதும் இருக்கிறதா?' என்று கேட்டால், 'எந்தெந்த இடத்தில் என்று கேளுங்கள் டொக்டர்' என்று சிரித்தவர்களும் உண்டு. உள்ளே போனதும் கையில் ஒரு ரப்பர் பந்தைத் தருவார்கள். தொடையில் இழுவையோ சூடோ தெரிந்தால் அதை அமுக்கச் சொல்லி உம்மாவுக்கு விளங்கப்படுத்துங்கள்.

இரும்பைப் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். பர்தாவில் குத்தியிருக்கிற குண்டூசிகளை எண்ணிக் கழற்றுங்கள். மூன்று குத்தினோமா நான்கா என்று அறைக்குள் போன பிறகு யோசிக்கக் கூடாது. நகை, கழற்றுகிற பல், சுர்மா, கண் மை எதுவும் வேண்டாம். மையில் இருக்கிற இரும்புத் துகள் கண்ணுக்கு எரிச்சல் தரும், படத்தையும் கெடுக்கும். மடியில் பாக்குவெட்டியோடு வந்த மூத்தம்மா ஒருவரை வாசலிலேயே நிறுத்தியிருக்கிறோம்.

கதிர் பயத்துக்குப் பதில் சுருக்கமானது. எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர் இல்லை. காந்தமும் வானொலி அலையும்தான். எக்ஸ்ரே கதிரால் படம் எடுப்பது சி.டி. ஸ்கான். எம்.ஆர்.ஐ. எடுத்துக் கட்டி பெருத்ததாக ஒன்றும் இல்லை, இந்தப் பேச்சை வீட்டில் இன்றோடு விட்டுவிடலாம்.

சரி, இரண்டாவது ஸ்கானுக்கு வருவோம்.

உங்கள் காணியை நீங்களே போனில் படம் எடுத்தால் வீடு எது, கிணறு எது, தென்னை எத்தனை என்று தெரியும். சேவையர் வந்து சங்கிலி போட்டு அளந்து கீறுகிற பிளான் வேறு. இரண்டும் ஒரே காணிதான், ஆனால் வேலி அடைக்கப் போகிறவனுக்குப் போன் படம் உதவாது. முதல் ஸ்கான், 'இந்தக் கால் ஏன் இழுக்கிறது?' என்ற கேள்விக்காக எடுத்தது. அந்தக் கேள்விக்குப் பதிலும் கிடைத்தது. இப்படி எடுக்கிற ஸ்கானில் பெரும்பாலும் 5 மில்லிமீற்றருக்கு ஒரு வெட்டுப் படம், வெட்டுக்கும் வெட்டுக்கும் நடுவே சிறு இடைவெளி. கட்டியைக் கண்டுபிடிக்க அது தாராளம். அந்தக் கட்டிக்கு வழி வெட்டப் போகிறவருக்கு 1 மில்லிமீற்றர் வெட்டுகள் இடைவெளி இல்லாமல் வேண்டும். உச்சி முதல் தாடை வரை, மூக்கு நுனியும் இரண்டு காதுகளும் வெட்டுப்படாமல் உள்ளே வர வேண்டும்.

மூக்கும் காதும் எதற்கு என்று கேட்பீர்கள். அவைதான் எல்லைக்கல். சத்திரசிகிச்சை அறையில் உம்மா மயக்கத்தில் இருக்கும்போது தலையை மூன்று முனை கொண்ட ஒரு பிடியில் அசையாமல் பூட்டுவார்கள். பிடியோடு பளபளக்கிற சிறு பந்துகள் வைத்த ஒரு சட்டம் இருக்கும். மேலே நிற்கிற கமரா அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும். பிறகு ஒரு நீளமான கோலை எடுத்து மூக்குப் பாலம், கண்ணின் ஓரம், நெற்றி, காதுக்கு முன்னால் என்று தொட்டுக்கொண்டே வருவோம். ஸ்கானில் இருக்கிற முகத்தையும் மேசையில் இருக்கிற முகத்தையும் கணினி ஒன்றோடொன்று பொருத்தும். பொருந்திவிட்டால், அதன் பிறகு கோலைத் தலையில் எங்கே வைத்தாலும் அதற்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்று திரையில் தெரியும். இதைத்தான் நெவிகேஷன் என்கிறோம். எல்லாம் நன்றாக அமைந்தாலும் 2 மில்லிமீற்றர் அளவு பிழை சாதாரணம். மூக்கு வெட்டுப்பட்ட ஸ்கானை வைத்துக்கொண்டு இந்தப் பொருத்தமே செய்ய முடியாது.

ஆகவே டொக்டருக்குக் கட்டியைப் பற்றிச் சந்தேகம் வந்து இன்னொரு ஸ்கான் கேட்கவில்லை. இரண்டரை மாதத்தில் கட்டி பெருத்துவிட்டதா என்று பார்ப்பதும் முக்கிய காரணமாக இராது. மெனிஞ்சியோமா பெரும்பாலும் வருடத்துக்குச் சில மில்லிமீற்றர் என்று மெதுவாக வளர்கிற சாதி. கமிஷன் என்று எழுதியிருந்தீர்கள், எனக்குக் கோபம் வரவில்லை. காசு கட்டிக் கட்டிக் களைத்தவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். அதற்கு ஒரு நேரான வழி இருக்கிறது. முதல் ஸ்கானின் சீடியை கிளினிக்கில் கொடுத்து, 'இதை வைத்தே நெவிகேஷன் செய்ய முடியாதா?' என்று கேளுங்கள். சில வேளை முதல் ஸ்கானிலேயே மெல்லிய வெட்டுகள் எடுத்திருப்பார்கள். அப்படியென்றால் அவர்களே வேண்டாம் என்பார்கள். வேண்டும் என்றால், வைத்தியசாலையிலேயே எடுக்க முடியுமா என்று அடுத்ததாகக் கேளுங்கள். அரச வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை, வரிசைதான் நீளம்.

உம்மாவின் படத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் 'வலது கால், இடது பக்கம், உச்சிக்குக் கிட்ட' என்ற மூன்று சொல்லை வைத்துக்கொண்டு, படம் என் கையில் வந்தால் எங்கெல்லாம் கண் போகும் என்று சொல்ல முடியும்.

முதலில் கால் எங்கே என்று தேடுவேன். இடது மூளைதான் வலது பக்கத்தை அசைக்கிறது. அசைவுக்கான மேடு காதுக்கு மேலே தொடங்கி உச்சி வரை பட்டி போல ஏறுகிறது. கீழே முகம், நடுவில் கை, உச்சியில் நடுக்கோட்டை ஒட்டி மடிந்து இறங்குகிற இடத்தில் கால். தறி மிதியைத் தவறவிட்டது ஏன் என்பது இதிலிருந்தே விளங்கும். கட்டி உட்கார்ந்திருப்பது காலின் வீட்டு வாசலில். கையின் இடத்தைப் படத்தில் கண்டுபிடிப்பது லேசு. மேலிருந்து பார்க்கிற வெட்டில் அந்த மேடு ஓர் இடத்தில் மட்டும் பின்பக்கமாகத் துருத்தி, கவிழ்த்த லாடம் போலத் தெரியும். அதுதான் கை. அங்கே விரலை வைத்து அதே மேட்டோடு உச்சிப் பக்கம் நடந்தால் காலுக்கு வந்துவிடலாம். கட்டி தள்ளியதால் மேடு வளைந்து நெளிந்து போயிருக்கும், ஆனால் அறுபட்டிராது. மெனிஞ்சியோமா மூளைக்குள் முளைப்பதில்லை. மூளையைப் போர்த்தியிருக்கிற சவ்விலிருந்து முளைத்து வெளியே இருந்து அமுக்குகிறது. நான்கில் மூன்றுக்கும் அதிகமானவை தீங்கு குறைந்த முதலாம் தரத்தவை. உம்மாவுடையது எந்தத் தரம் என்பதை, எடுத்த சதையை ஆய்வுகூடத்தில் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும். ஸ்கான் என்னதான் சொன்னாலும் அந்த ரிப்போர்ட் வரும்வரை பொறுக்க வேண்டும்.

அடுத்து, கட்டிக்கும் மூளைக்கும் நடுவில் உள்ள எல்லை. நீர் வெள்ளையாகத் தெரிகிற ஒரு வகைப் படம் உண்டு. அதில் கட்டியைச் சுற்றி நூல் போல ஒரு வெள்ளைக் கோடு ஓடினால் எனக்கு மனசு இலேசாகும். இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் நீர் இருக்கிறது, பிரித்து எடுக்க வழி இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். கோடு அழிந்து, பக்கத்து மூளை முழுக்க வீங்கியிருந்தால் கட்டி மூளையின் மெல்லிய தோலோடு ஒட்டியிருக்கக் கூடும். அப்போது அவசரமில்லாமல் நகர வேண்டும், நேரம் கூடும். அதே படத்தில் கட்டி கறுப்பாக இருந்தால் அது இறுகிய கட்டியாக இருக்கலாம், வெளுப்பாக இருந்தால் மிருதுவாக இருக்கலாம். 'லாம்' என்றுதான் எழுதுகிறேன். மிருது என்று நம்பித் திறந்து ரப்பரை வெட்டுவது போல வெட்டிய நாட்களும் உண்டு.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரிது, அதில்தான் அதிக நேரம் நிற்பேன். உச்சியின் நடுக்கோட்டில், எலும்புக்கு நேர் கீழே, மூளையின் அழுக்கு இரத்தத்தைப் பின்பக்கம் கொண்டுபோகிற பெரிய வடிகால் ஒன்று முன்னிருந்து பின்னாக ஓடுகிறது. இரண்டு பக்கத்திலிருந்தும் சிறு நாளங்கள் வந்து அதில் விழுகின்றன, வயல் வாய்க்கால்கள் பெரிய வாய்க்காலில் விழுவது மாதிரி. உம்மாவின் கட்டி இந்த வடிகாலின் கரையில் இருப்பதாகத்தான் உங்கள் விவரத்திலிருந்து விளங்குகிறது. நாளங்களை மட்டும் தனியாகக் காட்டுகிற எம்.ஆர்.ஐ. ஒன்று இருக்கிறது. கட்டி கரையைத் தொட்டு மட்டும் நிற்கிறதா, சுவருக்குள் நுழைந்ததா, வடிகாலையே அடைத்துவிட்டதா என்று அது சொல்லும். இன்னும் இரத்தம் ஓடுகிறதென்றால், சுவரில் ஒட்டிய சிறு துண்டை விட்டுவிட்டு வருவதே பெரும்பாலும் புத்தி. அது மறுபடி வளர்ந்தால் கதிர்ச் சிகிச்சை உண்டு. மிச்சம் வைக்காமல் முழுக்க எடுத்தேன் என்ற பெருமைக்காக வடிகாலைக் கிழித்தால் மூளை வீங்கி, இருக்கிற காலும் போகும். ஏற்கனவே முழுதாக அடைபட்டிருந்தால் கதை மாறும். இரத்தம் வேறு வழி தேடிப் போயிருக்கும், அந்த மாற்று வழிகள் எவை என்று படத்தில் எண்ணி வைத்துக்கொண்டு அவற்றைத் தொடாமல் வர வேண்டும். முதல் ஸ்கானில் இந்தப் படம் எடுத்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. இன்னொரு ஸ்கான் கேட்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

சத்திரசிகிச்சை முடிந்து வெளியே வருகிற டொக்டர் 'கொஞ்சம் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்' என்று சொன்னால், அரைகுறையாகச் செய்துவிட்டார் என்று உங்கள் வீட்டில் யாரும் பேசிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை இவ்வளவு விரித்தேன்.

கால் அசைகிற இடத்தை நேரடியாகக் காட்டுகிற ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ. என்று ஒன்று இருக்கிறதாமே, அதையும் கேட்டு எடுக்கலாமா என்று உங்கள் அடுத்த கடிதம் வரும். இருக்கிறது. ஓர் உறுப்பை அசைக்கும்போது அதற்குரிய மூளைப் பகுதிக்கு ஒட்சிசன் நிறைந்த இரத்தம் கூடுதலாகப் பாயும். அந்த வித்தியாசத்தைக் காந்தத்தால் பிடிக்க முடியும் என்று ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவா 1990இல் காட்டினார். 30 விநாடி விரலை அசை, 30 விநாடி சும்மா இரு என்று மாறி மாறிச் சொல்லி எடுப்பார்கள். கைக்கு அது நன்றாக வரும். காலை அசைத்தால் தலையும் சேர்ந்து அசையும், தலை அசைந்தால் படம் போச்சு. கட்டிக்குப் பக்கத்தில் இரத்த ஓட்டமே மாறியிருப்பதால் கணக்கும் சில வேளை பிழைக்கும். மூளைக்குள்ளேயே முளைத்த கட்டி, அதுவும் பேச்சுப் பகுதிக்குப் பக்கத்தில் என்றால் நானே வற்புறுத்திக் கேட்பேன். மூளைக்கு வெளியே இருக்கிற கட்டிக்கு இது கட்டாயமில்லை. உம்மாவின் டொக்டர் கேட்கவில்லையென்றால் குறையாக நினைக்காதீர்கள்.

இவ்வளவு படமும் எடுத்துவிட்டால் எல்லாம் படத்தில் இருக்கிறபடியே நடக்குமா? உங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்துவது எளிது. மாரி மழையில் வாவி நிரம்பி வீடுகளுக்குள் தண்ணீர் வந்தால் முகத்துவாரத்தை வெட்டிவிடுவார்கள். வெட்டிய பிறகு வாவியைப் பார்த்திருக்கிறீர்களா? காலையில் தண்ணீரில் மிதந்த தோணி மாலையில் சேற்றில் சாய்ந்து கிடக்கும். கரை எங்கேயோ போயிருக்கும். மூளையும் நீரில் மிதக்கிற சாமான். எலும்பைத் திறந்து, சவ்வை வெட்டி, அந்த நீர் வடிந்ததும் மூளை இறங்கும். வீக்கம் குறைய ஏற்றுகிற மருந்தால் இன்னும் கொஞ்சம் சுருங்கும். கட்டி வெளியே வர வர, அமுங்கிக் கிடந்த பக்கம் எழும்பும். 1 சென்ரிமீற்றர் அளவுக்கு இடம் மாறுவது அதிசயமில்லை. திரையில் தெரிவதோ அதற்கு முன்பு எடுத்த படம். கோலை வைத்தால் பழைய வாவியைத்தான் காட்டும்.

அதனால்தான் உம்மாவுக்கு இந்த வரைபடம் அதிகமாக உதவப்போவது முதல் ஒரு மணி நேரத்தில். எங்கே தோலை வெட்டுவது, எலும்பை எவ்வளவு அகலத்துக்குத் திறப்பது, நடுக்கோட்டு வடிகால் சரியாக எங்கே போகிறது என்றெல்லாம் முடிவெடுக்கிற நேரம் அது. தலையோட்டின் நடுப் பொருத்தை வைத்து வடிகாலை மதிப்பிட்டால் ஏமாந்துவிடலாம். பலருக்கு அது கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கித்தான் ஓடும். வரைபடம் இருந்தால் பெரிதாகத் திறந்து தேட வேண்டியதில்லை. தலைமயிர் முழுக்க மழிக்க வேண்டியதும் இல்லை, வெட்டுகிற கோட்டின் இரண்டு பக்கமும் ஒரு பட்டி எடுத்தால் போதும் என்று பல இடங்களில் செய்கிறார்கள். உம்மா வெட்கத்தில் கேட்க மாட்டார், நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள். சவ்வைத் திறந்த பிறகு நாங்கள் திரையை விட்டுவிட்டுக் கண்ணைத்தான் நம்புகிறோம். முன்கூட்டியே படத்தில் பார்த்து மனப்பாடம் செய்த நாளங்கள் அங்கே அடையாளம் காட்டும். அவை மூளையோடு சேர்ந்துதான் நகரும், ஆகவே ஏமாற்றாது.

கால் பழையபடி வருமா என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அதுதான் இருக்கிறது. அமுக்கத்தாலும் வீக்கத்தாலும் வந்த பலவீனம் என்றால், கட்டியை எடுத்த பின் பலருக்குத் தேறுகிறது. சிலருக்கு முதல் சில நாட்களோ வாரங்களோ முன்பைவிடக் கால் மோசமாகிப் பிறகு வரும். கொஞ்சப் பேருக்கு முழுதாக வருவதில்லை. எந்தப் படமும் இதற்கு உத்தரவாதம் தராது. தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் இன்னொரு டொக்டரையும் பாருங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. கிளினிக்கில் தருகிற வேண்டுகைப் படிவத்தில் 'மூளை எம்.ஆர்.ஐ.' என்று மட்டும் எழுதியிருந்தால் வாங்கிக்கொண்டு வராதீர்கள். நெவிகேஷனுக்கு என்றும், ஊசி மருந்தோடு என்றும், நாளங்களையும் சேர்த்து என்றும் எழுதித் தரச் சொல்லுங்கள். சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒருவர், நகை அடகு வைத்து இரண்டாவது ஸ்கானும் எடுத்துக்கொண்டு வந்தார். படிவத்தில் இந்த ஒரு வரி இல்லை. அவர்கள் வழமையான ஸ்கானையே மறுபடி எடுத்து, நெற்றிக்குக் கீழே வெட்டி அனுப்பியிருந்தார்கள். சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் மாலை சீடியைக் கணினியில் போட்டபோதுதான் தெரிந்தது, முகத்தில் மூக்கே இல்லை. அவரை ஒரு கிழமை காத்திருக்க வைத்து மூன்றாவதும் எடுத்தோம். படிவத்தில் அந்த வரியை எழுதாமல் விட்டது நான்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு படிவத்திலும் 'மூக்கும் காதும் உள்ளே வர வேண்டும்' என்று கையால் எழுதுகிறேன்.

ஊசி மருந்து என்றது கடோலினியம். கட்டியை வெள்ளையாக ஒளிர வைக்கிற மருந்து. சிறுநீரகம் மிகவும் பழுதாகியிருந்தால் யோசித்துத்தான் கொடுப்பார்கள். சீனி வருத்தம் உள்ளவர் என்பதால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுகிற கிரியட்டினின் இரத்தப் பரிசோதனையை முன்கூட்டியே செய்து ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள், அதற்காக ஒரு நாள் வீணாகாது. ஸ்கான் முக்கால் மணி நேரம் வரை போகலாம். அந்த நேரம் முழுக்க அசையாமல் கிடக்க வேண்டும். குழாய்க்குள் போவதற்கு முன்பே கண்ணை மூடிக்கொண்டால் மூச்சு முட்டுகிற பயம் குறையும். சத்தம் பலமாக இருக்கும், டக் டக்கென்று இடிக்கும். காதுக்கு அடைப்பான் தருவார்கள். ஆயுள் முழுக்கத் தறிச் சத்தத்துக்குள் இருந்தவருக்கு அது பெரிய விஷயமாக இராது என்று நினைக்கிறேன்.

மூளை வீக்கம் குறைய டெக்ஸாமெதசோன் குளிசை தந்திருப்பார்கள். கால் கொஞ்சம் தேறியது போல இருந்தால் அது அந்தக் குளிசையின் வேலை, கட்டி கரைந்துவிட்டது என்று நினைத்து சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. அந்தக் குளிசை சீனியை ஏற்றிவிடும். வீட்டில் அளந்து எழுதி வையுங்கள், எகிறினால் உடனே காட்டுங்கள். சீனி ஏறுகிறதே என்று அந்தக் குளிசையை நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. அன்றிரவு கால் வெட்டி வெட்டி இழுத்ததும் வலிப்புத்தான். அதற்குத் தந்த வலிப்புக் குளிசையும் அப்படித்தான், ஒரு வேளைகூட விடக்கூடாது.

கடைசியாகப் பயணம். கல்முனையிலிருந்து இரவு பஸ்ஸில் ஏறி விடியக் கொழும்பில் இறங்கி நேராக ஸ்கானுக்குப் போவதுதான் நம் ஆட்களின் வழக்கம். வலிப்பு வந்த ஒருவருக்கு நித்திரை முழிப்பு கூடாது, அதுவே இன்னொரு வலிப்பைக் கிளப்பிவிடும். முடிந்தால் முதல் நாள் பகலில் போய்த் தெரிந்தவர் வீட்டில் தங்குங்கள். இரவுக் குளிசையை உங்கள் கைப்பையில் வையுங்கள், மேலே தூக்கிப் போடுகிற பையில் வேண்டாம். முதல் ஸ்கானின் சீடியும் அதே கைப்பையில் இருக்கட்டும். பில்மை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புகிற படத்தை வைத்து எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. தொடை எக்ஸ்ரேயை ஊரிலேயே எடுத்துக்கொண்டு போனால் கொழும்பில் ஒரு வரிசை மிச்சம்.